பின்னால் வருகிறவருக்கான குழாய்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள். இது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நிஜமாக நடந்தது. 

நான் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். நாள் முழுக்க ஊரார் வாயைப் பார்க்கிறவள். அதனாலேயே எச்சில் என்றால் எனக்கு ஆகாது. பெற்ற தாய் வாய் வைத்த டம்ளரைக்கூடத் தொடமாட்டேன். என் வீட்டுக்காரரோ நேர்மாறு. கல்யாணமாகி நாலு மாதம். மலையேறப் போகலாம் என்று முடிவானதும் சாமான்களைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதற்கு எல்லாம் ரெண்டு ரெண்டு, வீண் கனம் என்றார். ஒரு டார்ச். ஒரு மேப். ஒரு விசில். ஒரு ஸ்பூன். எல்லாம் அவர் பையில். பல் துலக்கும் பிரஷ்ஷும் ஒன்று போதுமே என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, சும்மா சொன்னேன் என்று சிரித்தார். பாதி நிஜமாகத்தான் சொல்லியிருப்பார்.

கடைசியாக, வாடகைக் கடையிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் பையை எடுத்தார். முதுகுப் பைக்குள் வைக்கிற ரப்பர் பை. அதிலிருந்து இரண்டு குழாய்கள். குட்டையானது சுமக்கிறவருக்கு, நீளமானது பின்னால் வருகிறவருக்கு. நடந்துகொண்டே உறிஞ்சிக் குடிக்கலாம். பின்னால் வருகிறவர் குடித்தால் பைக்குள் 'களக்' என்று சத்தம் வரும், முதுகில் தெரியும்.

"நீ பின்னாடி வர்றது திரும்பிப் பாக்காமலே எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார். பெருமை தாங்கவில்லை.

நீளக் குழாயின் வாயைப் பார்த்தேன். கடித்துக் கடித்து நைந்திருந்தது. மேல்வரிசைப் பல் தடம் ஆழமாக இருந்தது. நடுவில் ஒரு முன்பல்லுக்கு மட்டும் தடமே இல்லை. சீ என்று ஆகிவிட்டது. வெந்நீரில் உப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிக் காயவைத்தேன். அவர் விடவில்லை. ஃப்ரிட்ஜ் தண்ணீரை ஊற்றி, ஒரு வாய் குடித்துப் பார் என்று கையில் திணித்தார். குடித்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது. வழவழவென்று... இப்போதுதான் யாரோ வாயை எடுத்த மாதிரி.

ஓடிப்போய்த் துப்பினேன். மூன்று தடவை பல் துலக்கினேன். வெளியே வந்தால் அவர் முகம் சுருங்கிக் கிடந்தது. நான் தொட்டாலும் உனக்கு இப்படித்தான் இருக்குமா என்று கேட்டார். சரி, இதையே எடுத்துப் போகலாம் என்றேன். ஆனால் அவருக்குத் தெரியாமல் என் பாட்டிலை நிரப்பி, ஸ்வெட்டருக்குள் சுருட்டி என் பையில் ஒளித்துவைத்தேன்.

மறுநாள் மலையடிவாரத்தில் நீளக் குழாயை என் தோளில் மாட்டிவிட்டார். அவர் முன்னால் நடக்க ஆரம்பித்ததும் கழற்றி, அவர் பையிலேயே தொங்கவிட்டேன். தாகம் எடுத்தபோதெல்லாம் என் பாட்டில்தான். மதியம் வாக்கில் அவர் திரும்பாமலே, பரவாயில்லையே, நன்றாகக் குடிக்கிறாயே என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து "ம்" கொட்டிவைத்தேன்.

இரண்டரை மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. ஒரு வளைவில் என் ஷூவுக்குள் கல் குத்தியது. ஒரு நிமிஷம் இருங்க என்று சொல்லிப் பாறையில் உட்கார்ந்தேன். அவர் காதை மூடிக் குல்லா போட்டிருந்தார். கல்லை உதறிவிட்டு நிமிர்ந்தேன்.

அவர் இல்லை.

கத்திக் கூப்பிட்டேன். பதில் இல்லை. டார்ச் அவரிடம். மேப் அவரிடம். விசிலும் அவரிடம். பாதை எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. இப்போது திரும்பி வந்துவிடுவார் என்று நின்றேன். வரவில்லை. நான் பின்னால் இல்லை என்பது அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியாமல் போகும்?

பாறையைத் தடவித் தடவி நடந்தேன். இங்கேயே செத்துப்போவேன் என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரம் இருக்கும்.

களக்... களக்...

சத்தம் வந்த பக்கம் ஓடினேன். மேப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்த அவர் முதுகு தெரிந்தது. பை தெரிந்தது. குழாய்...

தொங்கவில்லை.

நேராக நீண்டிருந்தது. அந்தரத்தில். என் வாய் உயரத்தில்.

அதன் நுனி நசுங்கியது. விரிந்தது. மறுபடி நசுங்கியது.

களக்.

"மெதுவா குடிம்மா. எனக்கும் வேணும்" என்றார், திரும்பாமலே.

அலறினேன். அவர் திரும்பினார். குழாய் பொத்தென்று விழுந்தது. நுனியிலிருந்து எச்சில் நூல் நூலாக ஒழுகி, என் ஷூ மேல்...

"இவ்வளவு நேரம் நீதானே குடிச்சே?"

"நான் காலையிலிருந்து அதுல வாயே வைக்கல."

அவர் குழாயைப் பார்த்தார். அதே பையிலிருந்துதான் அவரும் நாளெல்லாம் குடித்திருக்கிறார். அப்படியே குனிந்து வாந்தி எடுத்தார். பிறகு என் கையைப் பிடித்தவர் கீழே வந்து சேரும்வரை விடவில்லை.

வாடகைக் கடைக்காரரிடம் சொன்னபோது அந்த ஆள் ஆச்சரியமே படவில்லை. நைந்த வாயைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினார். எத்தனை முறை மாற்றினாலும் அதே கடியோடுதான் திரும்பி வருகிறதாம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இதை எடுத்துப் போனார்களாம். சாயங்காலம் அடிவாரத்துக்கு வந்து அவன் திரும்பிப் பார்த்தால் பின்னால் யாருமில்லை. வழியெல்லாம் குடித்துக்கொண்டுதானே வந்தாள் என்று அழுதானாம். மறுநாள் ஒரு வளைவுக்குக் கீழே பள்ளத்தில் அவளை எடுத்தார்கள். ஒரு கால் ஷூ மட்டும் மேலே பாறையில் இருந்தது. மதியத்துக்கு முன்பே உயிர் போய்விட்டது என்றாராம் டாக்டர்.

இதைத் தெரிந்துகொண்டே எங்களுக்குக் கொடுத்திருக்கிறார். கழுவித்தானே கொடுக்கிறேன் என்று அந்தப் பையைத் திரும்பவும் ஆணியில் மாட்டினார். அந்த மூஞ்சியைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் என் தொழில் புத்தி கேட்கவைத்தது. அந்தப் பெண்ணுக்கு முன்பல் ஒன்று கிடையாதா?

"இங்க சிரிச்சுட்டுதாம்மா வாங்கிட்டுப் போனாங்க. எல்லாப் பல்லும் இருந்துச்சு. பாறையில விழுந்தப்பதான் ஒண்ணு போயிடுச்சு."