ஏரிக்குத் திரும்பிய மார்லிஸ்

அமெரிக்காவில் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் டுலூத் நகரில் நீச்சல் சொல்லிக்கொடுத்து வந்த மார்லிஸ் ஹாகனுக்கு இதயம் பழுதாகி, உள்ளே ஒரு பம்ப் வைத்தார்கள். அதற்கு மின்சாரம் தரும் வயர் வயிற்றைத் துளைத்து வெளியே வந்தது. உயிர் தங்கியது, ஆனால் வயர் வெளிவரும் புண் நனையக்கூடாது என்பதால் தண்ணீரில் இறங்க முடியாமல் போனது.

தோல் வழியாகவே மின்சாரம் அனுப்பும் கருவியின் சோதனைக்கு மார்லிஸ் தானாக முன்வந்தார். தோலுக்கடியில் ஒரு கம்பிச்சுருளையும் சிறு பேட்டரியையும் பொருத்தி, தோலுக்கு மேலே இன்னொரு சுருளை வைத்தார்கள். தோல் சுட்டது. மின்சாரத்தில் பாதி வெப்பமாக வீணாகிறது என்று அதை வடிவமைத்த பொறியாளர் பெத்ரா வருந்தினாள்.

"நான் என்ன பான்கேக்காம்மா, இப்படிச் சுடுறே? போய்ச் சரிபண்ணிட்டு வா," என்றார் மார்லிஸ்.

பெத்ரா வெளிச்சுருளின் சர்க்யூட்டைப் புதிதாக அமைத்துக் கொண்டுவந்தாள். இம்முறை சுடவில்லை. மருத்துவர்கள் வயரை எடுத்தார்கள், புண் ஆறியது. சிறிது நேரம் பம்பை ஓட்டக்கூடிய அந்த உள் பேட்டரியை நம்பி, வெளிச்சுருளைக் கழற்றிவிட்டு மார்லிஸ் ஜூலையில் ஏரிக்குள் இறங்கினார்.

"தண்ணி ரொம்பக் குளிருதா?" என்று கரையிலிருந்து கேட்டாள் பெத்ரா.

"பல்லு கிட்டுது. நீயும் இறங்கு."