மரையக்கா எடுத்த செட்டு

வண்டிப் பட்டறையில் எல்லாரும் அவளை மரையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். போல்ட் பிடிக்கிற மரை அறுந்துபோன எந்த இன்ஜினும் அவளிடம்தான் வரும். துளைக்குள் டேப் என்கிற பல் வைத்த வெட்டுக்கம்பியை இறக்கிப் புது மரை வெட்டுவாள். தேய்ந்த போல்ட்டை டை என்கிற வெட்டு வளையத்துக்குள் விட்டுத் திருப்பி உயிர் கொடுப்பாள். புருஷன் செத்த வருஷம் பிடித்த கைப்பிடி. பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. பட்டறை இப்போது கொழுந்தன் கையில்.

பழைய டேப், டை செட்டு மழுங்கிவிட்டது. "நீங்களே வந்து பாத்து எடுங்க அண்ணி. உங்க கண்ணுக்குத் தப்பாது" என்றான் கொழுந்தன். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. முகம் கழுவப் பின்பக்கம் போனபோது, அவன் பெண்டாட்டியிடம் பேசுவது காதில் விழுந்தது.

"செட்டை மட்டும் எடுத்துக் குடுத்துடட்டும். ஒண்ணாந்தேதி உன் தம்பி வந்துடுவான். அண்ணிக்குக் கை நடுங்குதுன்னு சொன்னா யார் கேக்கப் போறா?"

அவள் இன்னொரு தடவை முகம் கழுவிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தார். ஒன்று பார்வைக்கு மங்கல். ஆனால் நகத்தால் வருடினால் பல்லெல்லாம் ஒரே சீர்; அளவு ஆழமாகப் பொறித்திருந்தது; அரத்தை வைத்தால் கடிக்காமல் வழுக்கி ஓடியது, அவ்வளவு கெட்டி எஃகு. மற்றது தங்கம் மாதிரி மினுக்கியது. அதில் நகம் சிக்கியது. சின்ன டேப் ஒன்றில், பல்லின் அடியில் மயிரிழை விரிசல்.

மினுக்குகிற பெட்டியைத் தட்டி, "இதுதான்" என்றாள்.

கடைக்காரர் தயங்கினார். "அம்மா, இன்னொருக்கா பாத்துட்டு..."

"எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

அவர் அந்தப் பெட்டியை மூடிக் கட்டிக் கொடுத்தார்.

ஒண்ணாந்தேதி அந்தத் தம்பி வந்தான். நேற்றுத்தான் கல்யாணம் ஆனவன் மாதிரி வெட்கப்படுகிற ஆள். "உங்க இடம்னு இங்க வந்தப்புறம்தான்க்கா தெரிஞ்சுது. மனசுல எதையும் வெச்சுக்காதீங்க" என்று காலில் விழாத குறையாகச் சொன்னான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"நல்ல செட்டுப்பா. பயப்படாம அழுத்தித் திருப்பு" என்று சொல்லிவிட்டுத் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மூன்றாம் நாள், இன்ஜின்மேல் குனிந்து மரை வெட்டிக்கொண்டிருந்தவன் கையில் டேப் படீரென்று ஒடிந்தது. சில்லு இடது கண்ணில் பாய்ந்தது. கண் போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தவன், நர்சிடம் அவள் விசாரித்த குரலை வைத்தே கண்டுபிடித்து எழுந்து உட்காரப் பார்த்தான்.

"அத்தான் கடைக்காரரைத் திட்டிட்டிருக்காருக்கா. நான்தான் வேணாம்னேன். நீங்க பாத்து எடுத்தது, அதுல குறை இருக்குமா? எனக்குத்தான் கைப்பக்குவம் போதல."

அவள் வாய் திறந்தது. கொண்டுவந்த பழத்தை அவன் தலைமாட்டில் வைத்தாள். "ஆமாப்பா. அவசரப்பட்டுட்ட" என்றாள்.

வராந்தாவில் கொழுந்தன் தலைகுனிந்து நின்றான். "அண்ணி, நாளைக்குப் பட்டறைக்கு..."

"எட்டு மணிக்கு வந்துடறேன்" என்றாள் மரையக்கா.