காருக்கு ஒரு ஃபேன்

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் நான். பாசிட்டிவ் எது, நெகட்டிவ் எது என்று கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேனோ, தெரியாது. தப்பாக வரைந்த பையன்களை பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்திருக்கிறேன். இப்போது யாராவது என்னை ஏற்றி நிற்க வைத்தால் தேவலை என்று இருக்கிறது.

ஓய்வு பெற்ற வருஷம் ஒரு பழைய கார் வாங்கினேன். கறுப்பு நிறம், உருண்டை விளக்குகள், வயதில் எனக்கு மூத்தது. ஓட்டி வர முடியாத நிலையில் இருந்ததால் மினி லாரியில் ஏற்றித்தான் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்தோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் என் சகலை, அதாவது என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர், அதைப் பார்த்துவிட்டார். "எல்லாரும் கார்ல ஏறிப் போவாக. எங்க வாத்தியாரு காரு லாரில ஏறிப் போகுது பாரு" என்று கடையே கேட்கச் சொல்லிச் சிரித்தாராம். மறுநாளே ஒரு புண்ணியவான் வந்து என்னிடம் ஒப்பித்துவிட்டான். அந்தச் சிரிப்பை நான் நேரில் கேட்கவில்லை. ஆனாலும் இரண்டு வருஷமாக அது என் காதிலேயே இருந்தது.

அந்த வீட்டோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர்கள் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் யாரிடமோ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "கூடப் பொறந்தவளுக்கு ஆள் விட்டா பத்திரிகை குடுப்பாக?" என்று என் மனைவி கல்யாணத்துக்கே போகவில்லை. அதோடு ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. அவர்கள் இருந்தது வேறெங்கோ இல்லை, இதோ இருக்கிற சின்னாளப்பட்டியில்.

பங்குனி மாதம் அந்த மகளே போன் செய்தாள். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்றும், மதுரையில் பார்த்துவிட்டு இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்றும் அழுதாள். "அம்மா உங்களப் பாக்கணும்னு சொல்லுது சித்தி. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

என் மனைவி போனைக் கையால் பொத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். "சித்தப்பா கார் ரெடியானதும் வாரோம்னு சொல்லு" என்றேன். அவளும் அப்படியே சொன்னாள்.

கார் அதற்குள் ஓடத்தான் செய்தது. எஞ்சினெல்லாம் சரி பண்ணியாயிற்று. ஆனால் உள்ளே அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். வெயில் ஏறினால் என் மனைவிக்கு மூச்சு வாங்கும். அதனால் ஒரு ஃபேன் வேண்டும். ஃபேன் மட்டும் போதுமா? சகலை வீட்டு வாசலில் போய் நிற்கும்போது ஹாரன் கணீரென்று அடிக்க வேண்டும், கதவோரத்திலிருந்து கை மாதிரி நீளும் அந்தக் காலத்து இண்டிகேட்டர் இரண்டு பக்கமும் நீள வேண்டும். இதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னதெல்லாம் "உன் மூச்சுக்காகத்தான்" என்பதுதான்.

முதலில் பஸ் ஸ்டாண்டு பின்பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. கடைக்காரர் என் செல்போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "இது ஓடுதா சார்?" என்றார். எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். பிறகு ஒரு சின்ன பிளாஸ்டிக் ஃபேனை எடுத்து வைத்தார். "ஒயர வெட்டி நேராக் குடுத்துரலாம் சார். செத்த நேர வேலை."

"அந்த டேஷ்போர்டுல போயி பிளாஸ்டிக்கா?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஃபேனை அட்டைப்பெட்டிக்குள் திரும்ப வைத்தார். அன்றைக்கு அதை வாங்கி மாட்டியிருந்தால் மறுநாளே சின்னாளப்பட்டி போயிருக்கலாம்.

பேகம்பூரில் ஒரு காயலாங்கடை. கடைக்கார பாய் நல்ல மனுஷர், டீ வாங்கிக் கொடுத்தார். "எங்க வாப்பா இருந்தப்ப வந்திருக்கணும் சார் நீங்க. அம்புட்டும் மலை மாதிரி கெடந்துச்சு. எல்லாத்தையும் உருக்கப் போட்டாச்சு" என்றார். ஆனாலும் தேடி ஒரு ஹாரன் எடுத்துக் கொடுத்தார். காரின் இடது பக்க இண்டிகேட்டர் நீளவில்லை, உள்ளே காயில் என்கிற கம்பிச்சுருள் போயிருந்தது. அதைச் சுற்றிக் கொடுக்க ஆள் பிடிக்கவே மூன்று வாரம். "கைய வெளிய நீட்டிக் காட்டுனா ஆகாதாங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

சித்திரை முழுக்க இப்படியே போயிற்று. நடுவில் அக்கா மகள் இரண்டு தடவை போன் செய்தாள். ஒவ்வொரு தடவையும் "இன்னும் நாலு நாள்ல" என்று நான் பக்கத்திலிருந்து சைகை காட்டினேன். ஒருநாள் என் மனைவி சேலை மாற்றி, பையில் ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, டவுன் பஸ்லயே போயிட்டு வந்துருவோம்."

"பஸ்ல போயி நீ மூச்சு முட்டி உக்காந்தா, அவுங்க உங்க அக்காவப் பாப்பாகளா, உன்னப் பாப்பாகளா?" என்றேன். பேச்சில் எவ்வளவு அக்கறை பாருங்கள்! சீ, என்ன மனுஷன் நான்.

"அப்ப நான் மட்டும் போயிட்டு வரவா?"

"ஒம்பது வருஷம் கழிச்சு ஒத்தையில போயி நின்னா, புருசன் வரலையான்னு கேக்க மாட்டாகளா?"

அவள் சேலையை மாற்றிக்கொண்டாள். ஆரஞ்சுப் பழத்தை நாங்களே சாப்பிட்டோம்.

கடைசியில் ஒட்டன்சத்திரத்தில் உடைசல் வண்டிகள் வாங்கும் ஒருவரிடம் நான் நினைத்த மாதிரியே ஒரு ஃபேன் கிடைத்தது. இரும்புக் கூடு, பித்தளை இறக்கை. "பன்னெண்டு வோல்ட்டுங்க. ஓட்டிப் பாத்துட்டே வாங்கிக்கோங்க" என்று பேட்டரியில் கொடுத்துக் காட்டினார். ஜிலுஜிலுவென்று காற்று வந்தது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை அதை மாட்ட உட்கார்ந்தேன். இப்போது வரும் கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டியின் உடம்போடு சேர்த்திருப்பார்கள். என் கார் நேர்மாறு, பாசிட்டிவ்தான் உடம்பில். அதனால் ஃபேனின் சிவப்பு ஒயரை உடம்பிலும் கறுப்பு ஒயரைச் சுவிட்சிலும் கொடுத்தேன். வாத்தியாருக்கு இதுகூடத் தெரியாதா என்ன!

என் மனைவி வெளியே வந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பழைய சைக்கிள் ட்யூப் துண்டை எடுத்து வந்தாள்.

"இரும்பு மேல இரும்ப வச்சு முடுக்குனா கடகடங்கும். இத வெட்டி அடியில வச்சு முடுக்குங்க."

"உனக்கு ஒண்ணும் தெரியாது, உள்ள போ" என்றேன்.

சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றவில்லை. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. துணி சுற்றிய அந்தக் காலத்து ஒயர்கள், ஒன்றிலிருந்து ஒன்று தீப்பிடித்துக்கொண்டு போயின. பேட்டரி ஒயரைப் பிடுங்குவதற்குள் உள்ளங்கை பொத்துவிட்டது. பிறகுதான் புரிந்தது. அந்த ஃபேனின் கறுப்பு ஒயர் உள்ளே அதன் இரும்புக் கூட்டோடு சேர்ந்திருக்கிறது. கூட்டை நான் நேராகக் காரின் உடம்பில் திருகி வைத்தேன். பாசிட்டிவும் நெகட்டிவும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்திருக்கும். நடுவில் அந்த ட்யூப் துண்டு இருந்து, திருகாணியும் படாமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

என் மனைவி கையில் மருந்து தடவிவிட்டாள். நான் சொன்னதைக் கேட்டீர்களா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வண்டி கெடந்துட்டுப் போகுது. நாளைக்குக் காலைல பஸ்ல போவோம்ங்க" என்றாள்.

"ஒயரிங்காரன் திங்கக்கிழமை வாரேன்னுருக்கான். ரெண்டு நாள்ல முடிச்சிருவான்" என்றேன். கை வெந்து கிடக்கிறது, அப்போதும் எனக்கு அந்த வாசலில் காரில் போய் இறங்க வேண்டும்!

சனிக்கிழமை விடிந்ததும் போன் வந்தது. அக்கா போய்விட்டாள்.

பஸ்ஸில்தான் போனோம். என் மனைவி வாசலிலேயே விழுந்து அழுதாள். அவளைப் பெண்கள் தூக்கி உட்கார வைத்தார்கள். சாமியானாப் பந்தலில் சகலை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். பாதியாக இளைத்திருந்தார். ஏதாவது குத்திப் பேசுவார், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பிடித்தார். கட்டுப் போட்டிருப்பதைப் பார்த்துப் பிடியைத் தளர்த்தினார்.

"காரு வரலையா?"

"ஒயரிங் எரிஞ்சுபோச்சு."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம், காறித் துப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"தெனமும் காலைல எந்திரிச்ச உடனே எம் பைக்க வாசல்ல இருந்து எடுக்கச் சொல்லிருவா. தங்கச்சி கார்ல வாரா, நிப்பாட்ட எடம் வேணுமில்லன்னு. ரெண்டு மாசமா பக்கத்து வீட்லதான் கொண்டுபோயி விடுறேன். நேத்துக்கூட எடுத்தாச்சான்னு கேட்டா."

நிலைப்படியில் உட்கார்ந்திருந்த என் மனைவி இதைக் கேட்டாள். அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடக்கம் முடிந்து சாயங்காலம் மெயின் ரோட்டுக்கு நடந்து வந்தோம். டவுன் பஸ் வந்தது. கண்டக்டர் எனக்கு டிக்கெட் கொடுத்தார், அவளுக்குப் பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவள் முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்ணாடி திறந்திருந்தது, காற்று நன்றாகவே வந்தது. அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.

திண்டுக்கல்லில் இறங்கியதும் பஸ் ஸ்டாண்டு கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து என்னிடம் பேசாதவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"இருபது நிமிசந்தாங்க ஆகுது."