குழவிக்கு ஒரு முழம் பூ

கிரைண்டர் வந்துவிட்டது. குழவிக்கல் வரவில்லை.

மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் சுள்ளிக்கல்லில், தன் ஒற்றை அறை வாடகை வீட்டு வாசலில் நின்று அமுதவள்ளி கிரைண்டருக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே பழைய செய்தித்தாள் ஒன்று கசங்கிக் கிடந்தது. அவளுடைய பழைய புகுந்த வீட்டிலிருந்து அதைப் பெட்டி ஆட்டோவில் ஏற்றி வந்த அனில் தலையைச் சொறிந்தான்.

"கல்லு தரமாட்டேன்னு அந்த வீட்டு அம்மா பறஞ்சு, சேச்சி. இன்னைக்கு வெள்ளியாழ்ச்சயாணத்ரே."

அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை அம்மி, குழவியை வெளியே கொடுத்தால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாளாம். சட்டி போகலாம், மோட்டார் போகலாம், குழவி மட்டும் போகக்கூடாதாம். அவளை அந்த வீட்டிலிருந்து வெளியே போகச் சொன்னதும் ஒரு வெள்ளிக்கிழமைதான், அதுவும் விளக்கு வைக்கிற நேரம். அன்றைக்கு யாரும் காலண்டரைப் பார்க்கவில்லை.

பாண்டித்துரையோடு பதினான்கு வருடம் குடித்தனம். அவன் மட்டாஞ்சேரி பஜாரில் வெங்காய வியாபாரி. அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான், நல்ல மனுஷன் என்று உசிலம்பட்டிச் சொந்தம் முழுக்கச் சான்றிதழ் கொடுத்தது. அவள் வாயைத் திறந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவான், அவ்வளவுதான். காய்ச்சல் என்றாலும் கூட்டுவான், அப்பா செத்துப்போனார் என்று அழுதபோதும் கூட்டினான். இதை வக்கீலிடம் சொன்னபோது, "இதெல்லாம் ஒரு காரணமா?" என்று கேட்டார். அவரோடும் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருந்தது.

விவாகரத்து முடிந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கோயம்புத்தூரிலிருந்து அவள் அப்பா சீராக வாங்கி அனுப்பிய கிரைண்டர். பனையப்பள்ளியில் சாயாக்கடை வைத்திருக்கும் முகமது இஸ்மாயில் அவளுக்கு ஒரு வழி காட்டியிருந்தார். "திங்கட்கிழமை காலையில இருந்து தோசை மாவு நீ தா அமுதா. முதல் நாளே முடங்கினா நான் பாக்கெட்காரன்கிட்ட சொல்லிடுவேன். பின்னே பரிபவம் பறயருது, குறை சொல்லக்கூடாது." கறாரான மனிதர்தான், ஆனால் அவளிடம் வேலை இருக்கிறதா என்று கேட்ட ஒரே ஆள்.

சனிக்கிழமை போன் போட்டாள். மாமியார் பாக்கியலக்ஷ்மிதான் எடுத்தாள். "சனிக்கிழமை கல்லு குடுத்தா சனி பிடிக்கும்டி." சரி, ஞாயிற்றுக்கிழமை? "அமாவாசை வருது." அப்புறம்? "அப்புறம் செவ்வாக்கிழமை, அதுக்கப்புறம்…" வாரத்தில் எட்டாவதாக ஒரு கிழமை வந்தால் ஒருவேளை அன்றைக்குத் தருவாளோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அமுதவள்ளி அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்டாள். இனி யார் தடுத்தாலும் அரைத்தே ஆக வேண்டும். அனிலைக் கூப்பிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

கூவப்பாடத்தில் பழைய வீட்டின் கதவு திறந்தே இருந்தது. பாண்டித்துரை டிவி முன்னால் காலை நீட்டிக் கிடந்தான். சாமி படங்களுக்கு முன்னால், மணைப்பலகையின் மேல் குழவி உட்கார்ந்திருந்தது. மேலெல்லாம் மஞ்சள், நடுவில் குங்குமம், சுற்றி மல்லிகைப்பூ. பக்கத்தில் ஒரு தட்டில் வாழைப்பழம் வேறு.

"தொடாதடி!" பாக்கியலக்ஷ்மி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். "ராகுகாலம்! அது லட்சுமி!"

அமுதவள்ளி அந்தப் பூவையே பார்த்தாள். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"பதினாலு வருஷம் இந்தக் கல்லுல நான் அரைச்சேன் அத்தை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்கு ஒரு முழம் பூ வாங்கித் தந்திருப்பீங்களா? கல்லுக்கு மல்லிப்பூ! கல்லுக்கு வாழைப்பழம்! எனக்குக் காய்ச்சல்ல ஒரு வாய் கஞ்சி இல்ல!"

டிவி சத்தம் கூடியது.

"பாண்டித்துரை!" என்றாள். அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் கையிலிருந்து ரிமோட் நழுவிக் கீழே விழுந்து, பேட்டரி கட்டிலுக்கடியில் உருண்டது.

"என்ன… என்னடி பேரைச் சொல்ற?"

"வேற என்னத்தைச் சொல்ல? எந்திரிச்சு வந்து இந்தக் கல்லைத் தூக்கி ஆட்டோவுல வைங்க."

அவன் தன் அம்மாவைப் பார்த்தான். அம்மா சாமி படத்தைப் பார்த்தாள். இனி இவர்களுக்காகக் காத்திருந்தால் உளுந்து புளித்துவிடும் என்று அமுதவள்ளியே குனிந்தாள். குழவியைத் தூக்கி, பிள்ளையை வைத்துக்கொள்வது போல இடுப்பில் வைத்தாள். மஞ்சளும் குங்குமமும் சேலையில் அப்பின.

"ஐயோ, லட்சுமி போறாளே! என் வீட்டு லட்சுமி போறாளே!" பாக்கியலக்ஷ்மி வாசலை மறித்துக்கொண்டு மார்பில் அடித்துக்கொண்டாள்.

"அவ ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமையே போயிட்டா அத்தை. நீங்கதான் கதவைத் திறந்துவிட்டீங்க. இப்போ போறது கல்லு. வழிய விடுங்க."

பாக்கியலக்ஷ்மி மறுபடி மார்பில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கினாள். ஆனால் கால்கள் தானாக விலகிக்கொண்டன.

சுள்ளிக்கல்லுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குழவியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மஞ்சள் போகும் வரை திட்டிக்கொண்டே கழுவினாள். ஊறிய உளுந்தைச் சட்டியில் கொட்டிக் குழவியைப் பொருத்தியபோது போன் அடித்தது. பாண்டித்துரை.

"அமுதா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. அம்மாவுக்குக் கடை மாவு சேரல, நெஞ்செரிச்சல். நீ அரைக்கிறதுல கொஞ்சம்…"

அவள் போனைத் துண்டிக்கவில்லை. கிரைண்டரின் பக்கத்தில் வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டாள்.