குப்பை முனைக்கு ஒரு சுற்றுலா

ஜப்பானின் கடலோர ஊரான ஒனோமிச்சிக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்குக் கோயில் காட்ட ஆள் இருக்கிறது, பூனை காட்டவும் ஆள் இருக்கிறது. குப்பை காட்டியவள் மித்சுயே குராஹாஷி ஒருத்திதான். அதுவும் அவள் ஆசைப்பட்டுத் தொடங்கிய காரியம் இல்லை. சந்துத் தலைவர் ஹிராமோத்தோ புண்ணியம்.

மித்சுயே பாதி ஆயுளைச் சுற்றுலா பஸ்ஸில் கழித்தவள். வெள்ளைக் கையுறை, சின்ன மஞ்சள் கொடி, "இடது பக்கம் பாருங்கள்" என்று குழைகிற குரல். பஸ் கம்பெனியை மூடியதும், மலைச்சரிவில் அப்பா விட்டுப்போன வீட்டைத் தேய்த்துக் கழுவி, இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு விட்டாள். கார் ஏறாத சந்து. மூச்சு வாங்கப் படியேறி வருகிறவர்கள் ஜன்னல் வழியே கடலைப் பார்த்ததும் வாயடைத்துப் போவார்கள். காலையில் மிசோ சூப், சுட்ட மீன், நூல் நூலாக இழுக்கும் நட்டோ பயறு. பிழைப்பு நன்றாகவே ஓடியது.

அப்புறம்தான் ஒரு மகராசன் தங்க வந்தான். அந்த ஊரில் குப்பையை வகை பிரித்து, வண்டி வருகிற காலையில்தான் சந்து முனையில் வைக்க வேண்டும். அவனோ உதவி செய்வதாக நினைத்து, மீன் முள்ளையும் பாட்டிலையும் ஒரே பையில் கட்டி, முந்தின ராத்திரியே குப்பை முனையில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். விடியும்போது காக்கைகள் சந்து முழுக்கப் பந்தி பரிமாறியிருந்தன.

சந்துச் சங்கத் தலைவர் ஹிராமோத்தோ சும்மா விடுகிற ஆள் இல்லை. நகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைக் காலரும் பேச்சும் ஒரே விறைப்பு. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்றார்.

"மித்சுயே சான், உங்க ஆளுங்க கோயிலப் பாக்கட்டும், வேணாங்கல. எங்க தலையில குப்பையக் கொட்ட வேணாம். இனிமே எல்லாரும் பை மேல பேர் எழுதணும். இன்னொரு தடவ உங்க பேர் போட்ட பை தப்பா வந்துச்சுன்னா, உங்க விடுதிக் குப்பைக்கு இங்க இடம் கிடையாது."

"சரிங்க தலைவரே," என்று குனிந்து வணங்கிவிட்டு வந்தாள்.

குப்பை வைக்க இடமில்லாமல் அந்தச் சந்தில் விடுதி நடத்த முடியாது. விடுதி இல்லையென்றால் வீட்டை விற்க வேண்டியதுதான். ஆத்திரத்தில் சோற்றுப் பானையை அது தேயும்வரை தேய்த்தாள். தேய்க்கும்போதே யோசனை வந்தது. கோயிலைக் காட்டுகிறோம், சாப்பாட்டைக் காட்டுகிறோம். சாப்பிட்ட பிறகு நடப்பதை மட்டும் ஏன் ஒளிக்கிறோம்?

மறுநாளிலிருந்து சாப்பாடு முடிந்ததும் மேஜைமேல் பாடம். பஸ்ஸில் பேசிய அதே குரல். "வலது பக்கம் பாருங்கள், இது பாட்டில். மூடி ஒரு பக்கம், மேலே சுற்றின தாள் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம்." பயணிகள் முதலில் சிரித்தார்கள். பிறகு படம் எடுத்தார்கள். பிறகு கழுவினார்கள்.

அப்படி வந்தவள்தான் லூசியா. சிலி நாட்டில் பஸ் ஓட்டுகிறவள். ஜப்பானிய மொழியைத் தானாகவே கற்று வந்திருந்தாள். பஸ்காரிகள் இருவருக்கும் முதல் நாளே ஒட்டிக்கொண்டது.

"இந்த நட்டோவத் திங்கறதே கஷ்டம்," என்றாள் லூசியா, கொழகொழத்த டப்பாவை மறுபடி மறுபடி அலசிக்கொண்டு. "கழுவறது அதவிடக் கஷ்டம்."

"கழுவத் தெரிஞ்சாத்தான் ஜப்பானப் பாத்ததா அர்த்தம். நல்லாத் தேய்."

வண்டி பாட்டில் மட்டும் எடுக்கிற நாள் வந்தது. மித்சுயேயின் பெயர் எழுதிய பையைத் தானே தூக்கி வருவேன் என்று லூசியா அடம்பிடித்தாள். குப்பை முனையில் துடைப்பமும் கையுமாகப் பெண்கள். நடுவில் கைகட்டியபடி ஹிராமோத்தோ. பையை வாங்கிப் பிரித்தார். ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மித்சுயே அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். தாள் இல்லை, மூடி இல்லை, ஒரு சொட்டுத் தேநீர்கூட இல்லை.

"ம்," என்றார் தலைவர். அவ்வளவுதான்.

லூசியா பக்கத்துப் பையைக் குனிந்து பார்த்தாள். அதில் சோயா சாஸ் பாட்டில் மூடியோடு, தாளோடு, அடியில் கொஞ்சம் சாஸோடு உட்கார்ந்திருந்தது.

"மன்னிக்கணும்," என்று மித்சுயே சொல்லிக்கொடுத்த பணிவோடு லூசியா கேட்டாள். "இது யாரோட பை?"

பையின் மேல் கொட்டை எழுத்தில், நகராட்சிக் கையெழுத்தில், ஹிராமோத்தோ என்று எழுதியிருந்தது.

ஒரு துடைப்பம் கீழே விழுந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "பாவம், இவரு சம்சாரம் யாசுகோதான் மகளோட பிரசவத்துக்குப் போயிருக்காளே. இவரு என்னைக்கு பாட்டிலத் தொட்டாரு?"

ஹிராமோத்தோவின் காது இரண்டும் சிவந்தன. "தாளக் கிழிக்கணும்னு தெரியும்," என்று முனகினார். "எப்படின்னுதான்..."

திருப்பிக் கொடுக்க மித்சுயேயிடம் நிறையச் சொற்கள் சேர்ந்து கிடந்தன. வாயைத் திறந்தபோது பஸ் குரல்தான் வந்தது.

"தலைவரே, இடது பக்கம் பாருங்க. புள்ளிப் புள்ளியா ஒரு கோடு தெரியுதா? அதப் புடிச்சு இழுங்க."

அவர் இழுத்தார். தாள் சர்ரென்று முழுசாக உரிந்து வந்தது. லூசியா கைதட்டினாள், பெண்களும் தட்டினார்கள். தலைவர் இடுப்பு வளைய மித்சுயேயை வணங்கினார். அத்தனை வருஷத்தில் அப்படி அவர் யாரையும் வணங்கி அந்தச் சந்து பார்த்ததில்லை. மித்சுயேக்குப் பறக்கலாம் போலிருந்தது.

அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்தார். "விடுதிக் குப்பைய எப்பவும்போல முனையிலயே வைக்கட்டும். இன்னொரு விஷயம். நம்ம சந்துல என்ன மாதிரி ஆம்பளைங்க நிறைய இருக்கோம். மித்சுயே சான் எங்களுக்கும் ஒரு சுற்றுலா வெச்சா தேவல."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மித்சுயே பெட்டியைத் திறந்து வெள்ளைக் கையுறையை மாட்டினாள். மஞ்சள் கொடியை உயர்த்திப் படியிறங்கினாள். பின்னால் சந்தின் புருஷன்மார்கள், ஆளுக்கொரு பாட்டிலோடு. ஹிராமோத்தோ உற்சாகத்தில் அவளைத் தாண்டி இறங்கப் பார்த்தார்.

"முந்தாதீங்க தலைவரே," என்றாள். "கொடிக்குப் பின்னால வாங்க."

அவர் பின்னால் வந்தார்.