மாப்பிள்ளை நனைத்த கயிறு: கூடப்பாக்கத்திலிருந்து பனித்திட்டுக்கு இரண்டு சைக்கிள்கள்

போன வாரம் என் நாத்தனார் மகன் போன் செய்தான். பின்னால் திறந்த தொட்டி வைத்த பிக்கப் வண்டி வாங்கியிருக்கிறான். அவனும் நண்பர்கள் மூன்று பேரும் அதில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பாகூர் ஏரிக்கரையில் ஓட்டப் போகிறார்களாம். "அத்த, வழியில வுழாம எப்படி கட்டறது?" என்று கேட்டான். சரியான ஆளைத்தான் கேட்டான். வில்லியனூர்க் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தவரின் மூத்த மகள் நான். அவனுக்குப் போனில் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்தக் கோடையில் அந்தப் பக்கம் சைக்கிளோடு போகிறவர்களுக்கு உதவும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை, நானும் என் வீட்டுக்காரரும் கூடப்பாக்கத்திலிருந்து பனித்திட்டுக்கு இரண்டு சைக்கிள்களைக் கொண்டுபோனோம். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். ஒன்று அவருடைய வண்டி. இன்னொன்று எனக்காக அப்பா தன் கையால் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்த லேடீஸ் சைக்கிள். அதைப் பனித்திட்டில் தங்கியிருந்த என் தங்கை வசந்தாவிடம் சேர்க்க வேண்டும். அதை அவளிடம் விட்டுவிட்டு, அவர் வண்டியில் இரண்டு பேரும் திரும்பி வருவதாகத் திட்டம்.

வசந்தாவுக்கு அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் வேலை. கடலோரக் குப்பங்கள் நான்கைச் சுற்றிவந்து பிள்ளைத்தாய்ச்சிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்கும் நர்ஸ் வேலை, அதுவும் தற்காலிகம்தான். "சைக்கிள் இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "இருக்குது மேடம்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். பட்டியலில் அடுத்திருந்த பெண்ணிடம் நிஜமாகவே சைக்கிள் இருந்தது. திங்கட்கிழமை வசந்தா நடந்துபோய் நின்றால் வேலை அந்தப் பெண்ணுக்குத்தான். என் சைக்கிளைக் கொடுக்கிறேன் என்று சொன்னதும் கடிதத்தில் அரைப் பக்கத்துக்கு அக்கா அக்கா என்றே எழுதியிருந்தாள்.

வண்டி எப்படிக் கிடைத்தது என்றால், வில்லியனூர் மண்டிக்காரர் ஒருவரின் பிக்கப் ஞாயிறுதோறும் பாகூருக்குப் பிண்ணாக்கு மூட்டை ஏற்றிப் போகும். முகம் ஜீப் மாதிரி, முதுகு திறந்த தொட்டி. டிரைவர் பெயர் தனபால். அன்று முதலில் கூடப்பாக்கத்தில் நாலு மூட்டை இறக்கிவிட்டு வில்லியனூர் திரும்ப வேண்டியிருந்தது. இரண்டு ஆள், இரண்டு சைக்கிள், பாகூர் வரைக்கும் பதினைந்து ரூபாய் என்று பேசி முடித்தோம். அந்நாளைக்கு அது அதிகம்தான். ஆனால் பஸ் மேலே சைக்கிளைப் போட்டு இரண்டு பஸ் மாறுவதை நினைத்துப் பாருங்கள்.

காலை ஏழு மணிக்கு வண்டி வீட்டு வாசலில் நின்றது. தொட்டியின் முன்பாதியில் பத்து மூட்டை, பின்பாதி காலி. என் வீட்டுக்காரர் இரண்டு சைக்கிள்களையும் மூட்டையை ஒட்டிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். பிறகு சணல் கயிற்றுச் சுருளை எடுத்துப்போய் மாட்டுத் தொட்டித் தண்ணீரில் முக்கிக்கொண்டு வந்தார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் புகுந்த வீட்டில் எதைக் கட்டினாலும் கயிற்றை நனைத்துத்தான் கட்டுவார்கள். வைக்கோல் கட்டாகட்டும், கரும்புக் கட்டாகட்டும், நனைத்த கயிறு கையை அறுக்காது, முடிச்சும் பிடித்துக்கொள்ளும். கழனியிலிருந்து களத்துக்கு அரை மைல் போகிற சுமைக்கு அதுவே போதும். ஆனால் நனைந்த சணல் சுருங்கிப் போயிருக்கும். வெயிலில் காய்ந்தால் நீளும். திறந்த வண்டியில் சித்திரை வெயிலில் இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் அந்தக் கட்டு என்ன ஆகும் என்று சைக்கிள் கடையில் வளர்ந்த எவளுக்கும் தெரியும். எங்கள் கடையில் பழைய டியூபை ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையாக வெட்டி, அதை இழுத்துத்தான் கட்டுவோம். வண்டி எவ்வளவு குலுங்கினாலும் ரப்பர் கூடவே குலுங்கி மறுபடி இறுகிவிடும்.

இதை நான் சொல்லியிருக்க வேண்டும். மாமியார், மாமனார், ஓரகத்தி எல்லோரும் வாசலில் நின்றார்கள். அவர் காலை மூட்டையில் ஊன்றி, பல்லைக் கடித்துக் கயிற்றை இழுத்து, "யானை இழுத்தாலும் அசையாது" என்றார். மூன்று மாதப் பெண்டாட்டி அங்கே என்ன சொல்வாள்? நானும் தலையை ஆட்டி வைத்தேன்.

வில்லியனூர் ஐந்து கிலோமீட்டர். ஏழரைக்குப் போய்விட்டோம். தனபால் மண்டியில் சரக்குச் சீட்டு வாங்கப் போனவர் ஒரு மணி நேரம் வரவில்லை. (இன்றும் சரக்கு வண்டியில் தொற்றிக்கொண்டு போகிறவர்கள் இந்த ஒரு மணியைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.) வண்டி நின்ற இடத்திலிருந்து நாலு கடை தள்ளி அப்பா கடை. வசந்தாவுக்குக் கொடுக்க ஒரு காற்றடிக்கும் பம்பை எடுத்துக்கொண்டு வந்தார். வந்தவரின் கை தானாகவே கட்டின் மேல் போயிற்று. தொட்டார். விரலைத் தேய்த்து ஈரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"கட்டு எப்படி மாமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"நல்லா கட்டிகிறீங்க மாப்ள" என்றார் அப்பா.

கடையில் ஒரு நட்டைக் கோணலாக முடுக்கினாலும் கத்துகிற மனிதர் அவர். கடை ஆணியில் டியூப் பட்டை ஒரு கொத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கட்டியதை மாமனார் அவிழ்ப்பதா? பெண்ணைக் கொடுத்த வீட்டில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். பம்பைக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

எட்டரைக்குக் கிளம்பினோம். உறுவையாறு தாண்டி மங்கலம் வரைக்கும் சாலை சுமார்தான். நடுவில் அவர், ஜன்னலோரம் நான். என் பக்கத்துக் கண்ணாடியில் பின்தொட்டி நன்றாகத் தெரிந்தது. மங்கலத்தில் என் சைக்கிளின் ஹேண்டில்பார் லேசாகத் தலையாட்டியது. அடுத்த ஊரில் நன்றாகவே ஆட்டியது. அவரைத் திரும்பிப் பார்க்க வைக்கலாம் என்று, "பின்னாடி காத்து ஜாஸ்தியா அடிக்குதுங்க இல்ல?" என்றேன். "ஆமா, சித்திரைக்கு இந்தக் காத்தே பெரிசு" என்று கண்ணை மூடிக்கொண்டார். இதை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அப்படி நான் சொல்லவே இல்லை என்கிறார். சொன்னார்.

ஒன்பதேகால் இருக்கும், கரிக்கலாம்பாக்கத்துக்குச் சற்று முன்னால், ஒரு மதகில் வண்டி ஏறி இறங்கியது. பின்னால் தடாலென்று சத்தம். இறங்கி ஓடினோம். கயிறு பழைய பாவாடை நாடா மாதிரி தொளதொளவென்று கிடந்தது. என் சைக்கிள் சாய்ந்து, அதன் முன்சக்கரத்தின் மேல் ஒரு பிண்ணாக்கு மூட்டை மல்லாந்திருந்தது. மூட்டையைத் தூக்கிப் பார்த்தால் ரிம் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. அவர் வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"இவ்ளோ இறுக்கி கட்டினேனே" என்று கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார் அவர்.

"காஞ்சா நீளுங்க அது" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீங்க தொட்டியில முக்கும்போதே தெரியும்."

"உங்க அப்பாவுக்கு?"

"தொட்டுப் பாத்தாருல்ல."

தனபால் தலையைச் சொறிந்தார். "எனக்கும் ஒரு டவுட்டு இருந்துச்சு சார். மாப்ள கட்டறாரு, நடுவுல நாம இன்னாத்துக்குன்னு வுட்டுட்டேன்."

என் வீட்டுக்காரர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. "அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டுந்தான் தெரியல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கயிற்றைச் சுருட்டிச் சீட்டுக்கு அடியில் போட்டார். பாகூர் வரைக்கும் பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மரியாதை என்று நினைத்து ஒரு நல்ல மனிதரை நாங்கள் எல்லோரும் சேர்ந்து தனியாக நிற்க வைத்துவிட்டோம் என்று எனக்கு அழுகை வந்தது.

வில்லியனூரிலிருந்து பாகூர் இருபது கிலோமீட்டர். பத்து மணிக்குக் கடைத்தெருவில் இறக்கிவிட்டு, ஐந்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார் தனபால். திறந்திருந்த ஒரே சைக்கிள் கடையில் ஆறு வண்டி வரிசையில் நின்றன. "செவ்வாக்கெழம வாம்மா, எடுத்துத் தரேன்" என்றார் கடைக்காரர். நாளைக்குக் காலை எட்டு மணிக்கு வேண்டும் என்றேன். சிரித்தார்.

"போக்ஸ் சாவி மட்டும் குடுங்கண்ணே. நானே கோட்டம் எடுத்துக்கறேன்."

போக்ஸ் சாவி சக்கரக் கம்பிகளை முடுக்குவது; கோட்டம் எடுப்பது என்றால் நெளிந்த சக்கரத்தை நேராக்குவது. கடைக்காரர் என் பட்டுச் சேலையையும் தலைப் பூவையும் பார்த்தார். "நீயா?" என்றார். சாவி கைக்கு வந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். சக்கரத்தைக் கழற்றி இரண்டு செங்கல் மேல் வைத்து, மேடான இடத்தில் ஏறி நின்று மிதித்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். பிறகு வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தை மாட்டி, அவரிடம் சொன்னேன்: "புடிங்க. சுத்துங்க. நிறுத்துங்க."

நடுக் கடைத்தெருவில் கட்டின புருஷனுக்கு உத்தரவு போடுகிறோமே என்று அப்போது தோன்றவே இல்லை. அவர் பிடித்தார், சுற்றினார், நிறுத்தினார். சாக்பீஸை ரிம்முக்குப் பக்கத்தில் பிடித்தால் எங்கே கோடு விழுகிறதோ அங்கே வெளியே தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கத்துக் கம்பியைத் தளர்த்தி, எதிர்ப் பக்கத்துக் கம்பியை முடுக்க வேண்டும். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. சக்கரம் சுற்றியது, ஆனால் ஆடிக்கொண்டே சுற்றியது. பிரேக் கட்டையில் உரசியது. மணல் பாதையில் நாலு குப்பம் போக அது போதாது. எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். "இதுக்கு மேல எனக்கு வராதுங்க" என்றேன்.

அவர் இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே சைஸ் வீலுதானே?"

"ஆமா."

"அப்ப என் வீல கழட்டி அதுல மாட்டு. இத எனக்குப் போடு."

"முப்பத்திமூணு கிலோமீட்டரு திரும்பிப் போவணுங்க. ரெண்டு பேரு."

"நான்தானே கட்டுனேன்" என்று சொல்லிவிட்டு அவரே நட்டைக் கழற்ற ஆரம்பித்தார். இடது பக்கம் திருப்பிக் கழற்ற வேண்டியதை வலது பக்கம் திருப்பி முடுக்கிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை நான் உடனே சொன்னேன். அவரும் உடனே மாற்றிக்கொண்டார்.

பாகூரிலிருந்து கிருமாம்பாக்கம் வழியாகப் பனித்திட்டு எட்டு கிலோமீட்டர். அவர் ஆடும் வண்டியில், நான் ஆடாத வண்டியில். ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வசந்தா படகுகளுக்கு நடுவே ஓடி வந்து என்னை விட்டுவிட்டுச் சைக்கிளைக் கட்டிக்கொண்டாள். மணலும் சாலையும் சேரும் இடத்தில் மூன்று சுற்றுச் சுற்றினாள். மணியை அடித்துக்கொண்டே "மாமா, சூப்பரா ஓடுது மாமா!" என்று கத்தினாள். அவர் தன் ஆடும் சக்கரத்தைக் காலால் மறைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர்மேல் நிஜமாகவே அன்பு வந்தது அந்த இடத்தில்தான், கல்யாண மேடையில் இல்லை.

பிக்கப்பில் ஏற்றுகிறவர்களுக்கு இனி விஷயம். ஒரு சைக்கிளை முன்பக்கம் பார்த்தும் அடுத்ததைப் பின்பக்கம் பார்த்தும் நிறுத்துங்கள், ஹேண்டில்பார்கள் மோதாது. பெடலுக்குச் சாக்கு சுற்றுங்கள். படுக்க வைத்தே ஆக வேண்டும் என்றால் செயின் பக்கம் மேலே இருக்கட்டும். கட்டுவது ஃபிரேமைத்தான், சக்கரத்தையோ கம்பிகளையோ அல்ல. முன்பிரேக்கை இழுத்து ஒரு பட்டையால் கட்டிவிட்டால் வண்டி உருளாது. இப்போது கொக்கி வைத்த ரப்பர் கயிறு கிடைக்கிறது. நல்லதுதான், ஆனால் இழுக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள். பழைய டியூபை எந்தப் பஞ்சர் கடையிலும் சும்மாவே கொடுப்பார்கள். பக்கத்தில் மூட்டை எதுவும் வேண்டாம். ஐந்து கிலோமீட்டர் போனதும் இறங்கி ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். கோடையில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பாகூர் ஏரிக்கரையில் வெயிலுக்கு முன்னால் ஓட்டிவிடலாம்.

மதியம் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத் திரும்பினோம். முன்பிரேக்கைக் கழற்றியாயிற்று. கேரியரில் நான். சக்கரம் இடது வலது என்று சாய்ந்து சாய்ந்து போனது. மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளினோம். சேலியமேடு தாண்டியதும் அவர் பேச ஆரம்பித்தார். "இனிமே எது தப்பா இருந்தாலும் சொல்லிடு. யாரு நின்னாலும் சொல்லு." சரி என்றேன். சேலியமேட்டில் ஆரம்பித்தவர் இந்த இரண்டு வார்த்தைக்கு வர மங்கலம் வரைக்கும் எடுத்துக்கொண்டார்.

வில்லியனூரில் அப்பா கடைக்கு முன்னால் ஆறரை மணிக்கு இறங்கினோம். அப்பாவின் கண் நேராகச் சக்கரத்துக்குப் போனது. ஒன்றும் கேட்காமல் சோடா வாங்கி வரச் சொல்லப் போனார்.

"மாமா, காலையில நான் கட்டின கட்டு எப்படி இருந்துச்சு? நெசத்த சொல்லுங்க" என்றார் அவர்.

அப்பா என்னைப் பார்த்தார். "சொல்லுப்பா" என்றேன்.

"ரொம்ப மோசம் மாப்ள" என்றார் அப்பா. குரலே மாறிவிட்டது. "இன்னா கட்டு அது? வைக்கப்போரா ஏத்தினு போறீங்க?"

அவர் கடைவாசல் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். "இன்னும் இன்னா இருக்குது? எல்லாத்தையும் சொல்லிடுங்க மாமா" என்றார்.

அப்பா சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக் கோட்டம் எடுத்துக்கொண்டே, மாப்பிள்ளையின் சீட்டு உயரம் தப்பு, செயினுக்கு எண்ணெய் விடும் விதம் தப்பு, வண்டியைச் சுவரில் சாய்த்துப் போடுவது மகா தப்பு என்று மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நாங்கள் அங்கிருந்து கிளம்ப எட்டு மணி ஆகிவிட்டது.