லெவல் கிராஸிங்கில் தபீதாள் டீச்சர்

தபீதாள் டீச்சருக்கு மெதுவாகப் பேச வராது. வராது என்றால் வராதுதான், அதற்கு அவர் என்ன செய்வார்? அஸ்தினாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்து மூன்று வருடமாக பி.டி. டீச்சர். காதோடு காதாக அவர் ஒரு ரகசியம் சொன்னால் ராதா நகரில் இருப்பவர்கள் "அப்படியா?" என்று கேட்பார்கள். புருஷன் ஜெயவேலுவுக்கு ரயில்வேயில் வேலை. பகலெல்லாம் இன்ஜின் சத்தம், வீட்டுக்கு வந்தால் இவர் சத்தம். தங்கமான மனுஷன், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

ஊர் அப்படி இல்லையே! பாட்டென்றால் டீச்சருக்கு உயிர். சர்ச்சில் பாடகர் குழுவில் சேர்ந்தார். குழுத் தலைவர் அவரைக் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "நீங்க வாயை மட்டும் அசைங்க, போதும்" என்று சொல்லிவிட்டார். டீச்சர் அங்கே சிரித்து மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதார். அதற்கப்புறம் பதினைந்து கிறிஸ்துமஸுக்கு அவர் வாயை மட்டும்தான் அசைத்தார். என்ன அநியாயம் பாருங்கள்!

பள்ளிக்கூடத்து மதிலுக்குப் பின்னால் லக்ஷ்மிநாராயணன் வீடு. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலை எட்டே முக்காலுக்கு டீச்சர் "ஸ்கூல்! அட்டேன்ஷன்!" என்று கத்தும்போது அவர் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். அதைப் பற்றித் தலைமை ஆசிரியைக்கு வருடத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு புகார்க் கடிதம் எழுதியிருந்தார். பெரிய அமைதிப் பிரியர் என்று நினைத்துவிடாதீர்கள். 'லெவல் கிராஸிங்' என்ற ஹார்ட் ராக் பேண்டில் நாற்பது வருடமாக அவர்தான் கிடார்.

தாம்பரத்துப் பழைய கல்லூரியில் படித்த காலத்தில் நாலு சிநேகிதர்கள் ஆரம்பித்தது அந்தப் பேண்ட். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு நின்ற ஒரு மதியத்தில் வைத்த பேர். தலைமுடி போனாலும் கிடார் போகவில்லை. ஆனால் போன வருடம் பாடகர் அச்சுதனுக்குத் தொண்டையில் ஆபரேஷன். இனிமேல் பாடினால் பேச்சும் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவருக்குப் பதிலாகப் பதினோரு இளவட்டங்களைப் பாட வைத்துப் பார்த்தார்கள். 'கேட்டைத் திற' என்ற அவர்களுடைய பாட்டின் முடிவில் 'திற' என்று ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். ரசிகர்கள் கை தூக்கி ஒன்று, இரண்டு என்று எண்ணுவது வழக்கம். அச்சுதனின் கணக்கு பத்தொன்பது. இளவட்டங்கள் ஏழு தாண்டுவதற்குள் இருமினார்கள்.

ஒரு நாள் லக்ஷ்மிநாராயணன் சவரம் செய்துகொண்டிருந்தபோது "அட்டேன்ஷன்!" கேட்டது. கத்தி அப்படியே நின்றது. பன்னிரண்டு வருடமாக இந்த மனுஷனுக்குக் காது எங்கே போயிருந்தது? பாதி முகத்தில் சோப்பு நுரையோடு மைதானத்துக்கு ஓடினார்.

"சார், பதிமூணாவது கம்ப்ளைன்ட்டா? ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம் அந்தப் பக்கம்" என்றார் டீச்சர்.

"கம்ப்ளைன்ட் இல்ல டீச்சர். நீங்க எங்க பேண்ட்ல பாடணும்."

"கடைசி வரிசையிலயா?"

"முன்னாடி. நடுவுல. நீங்க மட்டும்."

டீச்சர் மைதானத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர் கொண்டு வந்தார்கள்.

முதல் ஒத்திகையில் டிரம்ஸ் வாசிக்கும் வெற்றிவேல் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். கானாத்தூர் குப்பத்துக்காரர், காலையில் மீன் வியாபாரம், மாலையில் டிரம்ஸ். "இன்னா லச்சு, இம்மாம் பெரிய கொரல வூட்டுக்குப் பின்னாடியே வெச்சிகினு ஊரெல்லாம் தேடிகினு இருந்தியா? என் ட்ரம்மே பயந்துகினு கீதுபா!" என்றார். பேஸ் கிடார் ராகவேந்திரா அதிகம் பேச மாட்டார். அவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

புதுப் பாடகியோடு சுற்றுப்பயணம் என்று அறிவித்தார்கள். மேடவாக்கம், புதுச்சேரி, தாம்பரம், அங்கிருந்து நேராக வடகிழக்கு மலையூரான ஷில்லாங். ராக் பேண்டுகளுக்கு ஷில்லாங் என்றால் காசி மாதிரி. நாற்பது வருடத்தில் லெவல் கிராஸிங்கை அங்கே கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

மேடவாக்கத்தில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் முதல் நிகழ்ச்சி. தண்ணி லாரிகள் பின்னால் நிற்க, முன்னால் அறுநூறு பேர். மூன்று பாட்டு தூள் பறந்தது. கூட்டம் குதித்த குதியில் டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது பாட்டு முடிந்ததும், கழுத்தில் தொங்கிய விசிலைக் கை தானாக எடுத்தது, வாய் தானாக ஊதியது. "ஸ்கூல்! டிஸ்பர்ஸ்!"

சொன்னவர் சும்மா இருந்திருக்கலாம். கேட்டவர்களாவது சும்மா இருந்தார்களா? ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அவரிடம் படித்த பிள்ளைகள். இருபது வருடத்துப் பழக்கம், காலோடு ஒட்டிக்கொண்டது. ஒரு முணுமுணுப்பு இல்லாமல் வரிசையாகக் கலைந்து போய்விட்டார்கள். மற்றவர்கள் நிகழ்ச்சி முடிந்தது என்று நினைத்துச் சாப்பாட்டுப் பக்கம் நடந்தார்கள். இன்னும் ஐந்து பாட்டு பாக்கி. மேடையில் நாலு பேரும் பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் ரசிகர் மன்றத்தின் வாட்ஸப்பில் அதன் தலைவர் கோபு எழுதினார்: 'பாட்டுக்கு ஆள் கேட்டோம், டிரில் பீரியடுக்கு ஆள் அனுப்பியிருக்காங்க.' நானூறு பேர் சிரித்து வைத்தார்கள். புதுச்சேரியில் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனாலும் பாட்டுக்குப் பாட்டு யாராவது ஒருவர் "அச்சுதன் எங்கே?" என்று கேட்டார்.

லக்ஷ்மிநாராயணனுக்கு மனசு விட்டுப்போயிற்று. "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. தாம்பரம் நம்ம சொந்த ஊர். அங்க ஜனங்க ஒத்துக்கிட்டா ஷில்லாங். இல்லன்னா பேண்டையே மூடிடலாம்னு இருக்கேன்."

"சரி சார்" என்றார் டீச்சர். அன்றைக்கு அவர் சொன்னது பக்கத்தில் இருந்தவருக்கு மட்டும்தான் கேட்டது.

தாம்பரத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. மைதானம் முழுக்கக் கறுப்புச் சட்டை. முதல் வரிசையில் கோபுவும் அவருடைய படையும். இரண்டாவது பாட்டிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். "அச்சுதன்! அச்சுதன்!" கைதட்டலோடு அந்தக் கோஷம் பின்வரிசை வரைக்கும் பரவியது. டீச்சர் ஒரு அடி பின்னால் போனார். இன்றைக்குத் தோற்றால் ஆயுசுக்கும் வாயை மட்டும்தான் அசைக்க வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் பயம் போய்க் கோபம் வந்தது. நல்ல கோபம்.

"அச்சுதன் மெடிக்கல் லீவு!" என்று மைக்கில் கத்தினார். "வந்திருக்கிறவங்க பாடுவாங்க! அடுத்த பாட்டு, கேட்டைத் திற!"

கூட்டம் சிரித்தது. கோபு சிரிக்கவில்லை. "கடைசி 'திற' வருமா மேடம்?" என்று கத்தினார்.

ஒத்திகையில் டீச்சர் பதினான்கு வரைக்கும்தான் போயிருந்தார். பாட்டு கடைசிக்கு வந்தது. டீச்சர் மூச்சை இழுத்தார். "திறஆஆஆ..."

கைகள் உயர்ந்தன. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழு என்ற இடத்தில் அவருக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை, மைக்கோடு மேடையிலிருந்து குதித்துவிட்டார். இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பி.டி. டீச்சர் ஆவதற்கு முன்னால் தபீதாள் மாவட்ட அணியில் கபடி ஆடியவர். ஒரே மூச்சில் எதிரணிக்குள் புகுந்து, தொட்டு, மூச்சு விடாமல் கோட்டுக்குத் திரும்புகிற ஆட்டம். நாற்பத்தேழு வயதில் அந்தக் கால்களுக்கு அது மறக்குமா? முதலில் நின்ற ஒருவன் தோளில் தட்டினார். கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. "அவுட்டு!" என்று யாரோ கூவ, தட்டு வாங்கியவன் சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தான். அடுத்தவன், அதற்கடுத்தவன். குரல் இறங்கவே இல்லை. பத்து, பதினொண்ணு. கோபு பின்வாங்கினார், குனிந்தார், கடைசியில் வெட்கத்தை விட்டு ஓடினார். விடுவாரா டீச்சர்? பதினாறில் அவர் முதுகில் பளாரென்று ஒரு தட்டு!

தொட்டால் போதுமா? திரும்ப வேண்டாமா? மேடை முப்பதடி தூரத்தில் இருந்தது. நெஞ்சு எரிந்தது, கண் இருண்டது. ஜனங்கள் தள்ளி நின்று வழி விட்டார்கள். "பத்தொம்போது! இருபது!" என்று எண்ணுகிற குரல்களில் தரையில் உட்கார்ந்திருந்த கோபுவின் குரல்தான் உச்சத்தில் இருந்தது. "வாங்க டீச்சர், வாங்க! இருபத்திமூணு!" இருபத்தாறில் டீச்சரின் உள்ளங்கை மேடைப் பலகையில் ஓங்கி விழுந்தது. அப்புறம்தான் மூச்சை விட்டார்.

தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றவர்கள்கூட என்ன கலவரமோ என்று திரும்பிப் பார்த்திருப்பார்கள், அப்படி ஒரு ஆரவாரம். "தபீதாள்! தபீதாள்!" என்று மைதானமே அதிர்ந்தது. டீச்சர் மேடையில் கையை ஊன்றியபடி ஓவென்று அழுதார். சந்தோஷத்தில் வந்த அழுகை, அதையும் எல்லாரும் கேட்டார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் லக்ஷ்மிநாராயணன் கைகட்டிக்கொண்டு வந்து நின்றார். "டீச்சர், ஷில்லாங் வருவீங்கதானே?"

"நான் வருவேன் சார். நீங்க வர முடியுமா?"

"என்ன டீச்சர்?"

"நான் 'திற' இழுக்கறப்ப பதினஞ்சுலயே கிடார நிறுத்திட்டீங்க. ராகவேந்திரா சார் ஸ்பீக்கர் மேல உக்காந்துட்டார். வெற்றிவேல் அண்ணனுக்கு இன்னும் இரைக்குது. அது மலை சார்! நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு கிரவுண்டுக்கு வாங்க. மூணு ரவுண்டு ஓடுறவங்களத்தான் நான் கூட்டிட்டுப் போவேன்."

சொன்னபடி மூன்று பேரும் வந்தார்கள். லக்ஷ்மிநாராயணன் முழங்காலுக்கு உறை மாட்டியிருந்தார். வெற்றிவேல் லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். ராகவேந்திரா புது ஷூ வாங்கியிருந்தார், விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. டீச்சர் முன்னால் ஓட, அறுபது தாண்டிய மூன்று ராக் நட்சத்திரங்கள் பின்னால் புஸ் புஸ்ஸென்று ஓடினார்கள். இரண்டாவது சுற்றில் திட்டினார்கள், மூன்றாவது சுற்றில் திட்டவும் தெம்பில்லை. முடித்துவிட்டு மூவரும் மண்ணில் மல்லாந்தார்கள்.

வெற்றிவேல் வானத்தைப் பார்த்தபடி கேட்டார். "டீச்சர், எங்கள உன் பேண்டுல சேத்துக்கினியா?"

டீச்சர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"சேத்துக்கிட்டேன்ணா" என்றார்.